பழைய கார் வாங்கலாமா?



மாடு வாங்கப் போகிறவர் என்ன செய்கிறார்? பல்லைப் பார்க்கிறார். சுழியைப் பார்க்கிறார். நடக்கவிட்டுப் பார்க்கிறார். மடியைத் தொட்டுப் பார்க்கிறார். வீட்டில் கலந்து பேசிய பிறகுதான் பணத்தை எடுக்கிறார்.

அதே மனிதர் பழைய கார் வாங்கப் போகும்போது என்ன செய்கிறார்? பளபளப்பைப் பார்க்கிறார். விலையைக் கேட்கிறார். "மலிவாக இருக்கிறதே" என்று மகிழ்கிறார். முன்பணம் கொடுத்துவிடுகிறார். ஒரு மாதம் கழித்து மெக்கானிக் கடையில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

மாட்டுக்குப் பல் இருப்பதுபோலக் காருக்கும் பல் உண்டு. பார்க்கத் தெரிந்தால் போதும். எப்படிப் பார்ப்பது? அதுதான் இன்றைய பேச்சு.

சின்னக் கார் வந்த கதை

முன்பெல்லாம் கார் என்றால் அது பணக்காரர் பொருள். 1983ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் ஒரு மாற்றம் தொடங்கியது. அன்று மாருதி நிறுவனம் தன் முதல் காரை விற்றது. முதல் காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி தம் கையால் கொடுத்தார். அந்தக் கார்தான் மாருதி 800.

அதன் என்ஜின் மிகச் சிறியது. 796 சி.சி. அளவு. மூன்றே சிலிண்டர். ஜப்பான் நாட்டின் சுசுகி நிறுவனத்தின் தொழில்நுட்பம். அரியானா மாநிலத்தில் குர்கான் ஊரில் தயாரானது. ஆசிரியர், அஞ்சல் ஊழியர், சிறு கடைக்காரர் எனப் பலரின் முதல் கார் இதுதான்.

2000ஆம் ஆண்டு அதே நிறுவனத்தின் ஆல்ட்டோ கார் வந்தது. 2014 ஜனவரியில் மாருதி 800 தயாரிப்பு நின்றது. ஆனால் விற்ற கார்கள் மறைந்துவிடவில்லை. அவை கை மாறிக் கை மாறி இன்றும் ஓடுகின்றன. பழகிய மெக்கானிக்குகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதனால்தான் குறைந்த பணம் உள்ளவர்கள் இந்தச் சின்னக் கார்களைத் தேடுகிறார்கள்.

தேடுவதில் தவறில்லை. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு குடும்பம்

கர்நாடக மாநிலத்தில் கோலார் தங்கவயல் இருக்கிறது. அங்கே தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம். பல தலைமுறைகளாகத் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள். 2001ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது.

அங்கே ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். மனைவி தையல் வேலை செய்கிறார். மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். மனைவியின் தந்தையும் உடன் இருக்கிறார். பெரியவர் சுரங்கத்தில் பாறை துளைத்தவர். கல் தூசி நுரையீரலில் படிந்துவிட்டது. சிலிக்கோசிஸ் என்று அந்த நோய்க்குப் பெயர். சில இரவுகளில் அவருக்கு மூச்சுத் திணறும். அப்போது ஆட்டோ கிடைக்காது. கிடைத்தாலும் வந்து சேர நேரமாகும்.

மனைவி முதியோர் கல்வி வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். ஆங்கிலப் பெரிய எழுத்துகளை மகளிடம் கற்றுக்கொண்டார். சீட்டுப் போட்டு 1,10,000 ரூபாய் சேர்த்திருந்தார். பல வருடச் சேமிப்பு. வேறு பணம் இல்லை.

"ஒரு பழைய கார் வாங்கிடலாமா?" என்று கணவர் கேட்டார்.

"முதல்ல கணக்குப் போடலாம்ங்க" என்றார் மனைவி.

முதல் கேள்வி: கார் தேவையா?

அன்று இரவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினார்கள்.

ஆட்டோவுக்கு மாதம் எவ்வளவு ஆகிறது? மருத்துவமனை, கடை, உறவினர் வீடு எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய்.

கார் இருந்தால் எவ்வளவு ஆகும்? மாதம் 300 கிலோமீட்டர் ஓடும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் 20 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 2,000 ரூபாய். காப்பீட்டை மாதக் கணக்கில் பிரித்தால் 400 ரூபாய். பழுது பார்க்க மாதம் 1,000 ரூபாய் ஒதுக்க வேண்டும். மொத்தம் 3,400 ரூபாய்.

ஆக, காரால் பணம் மிச்சமாகாது. மாதம் 400 ரூபாய் கூடத்தான் ஆகும். இதைத் தெரிந்துகொண்டே அவர்கள் முடிவு செய்தார்கள். இரவில் மூச்சுத் திணறும் பெரியவருக்கு வாசலில் வண்டி வேண்டும். அதற்கு மாதம் 400 ரூபாய் தரலாம்.

எல்லாக் குடும்பத்துக்கும் இதே விடை வராது. மாதம் இரண்டு முறைதான் வெளியே போகிறோம் என்றால் வாடகைக் காரே நல்லது. எனவே முதல் கேள்வியை வீட்டிலேயே கேட்டுவிட வேண்டும். காரைப் பார்த்த பிறகு கேட்டால் மனம் வேறு விடை சொல்லும்.

இரண்டு கார்கள்

ஞாயிற்றுக்கிழமை மாரிக்குப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூருக்குப் போனார்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் அழைத்துப் போனார்கள். அவருக்கு 500 ரூபாய் கூலி பேசியிருந்தார்கள். கணவருக்கு வண்டி ஓட்டத் தெரியும். ஆனால் வண்டி வாங்கத் தெரிவது வேறு திறமை. அதை அவரே ஒப்புக்கொண்டார்.

மனைவியின் பையில் ஒரு டார்ச் விளக்கு, ஒரு காந்தம், கொஞ்சம் துணி, நோட்டு, பேனா இருந்தன.

தரகர் ஒரு ஆல்ட்டோ காரைக் காட்டினார். 2012ஆம் ஆண்டுக் கார். தில்லிப் பதிவு எண். செவ்வண்ணம் பளபளவென்று மின்னியது. உள்ளே புது உறை, வாசனை பாட்டில், பாட்டுப் பெட்டி. விலை 85,000 ரூபாய்.

"அண்ணே, இன்னிக்கே அட்வான்ஸ் கொடுத்துடுங்க. சாயங்காலம் இன்னொரு பார்ட்டி வர்றாங்க" என்றார் தரகர்.

"பார்த்துட்டுச் சொல்றோம் அண்ணா" என்றார் மனைவி.

மெக்கானிக் முதலில் காரின் முன் மூடியில் கை வைத்தார். சூடாக இருந்தது.

"என்ஜின் சூடா இருக்கே. வண்டியை ஏற்கெனவே ஓட்டிட்டீங்களா?" என்று கேட்டார்.

"உங்களுக்காக ரெடி பண்ணி வச்சோம்" என்றார் தரகர்.

இங்கே ஒரு பாடம் இருக்கிறது. ஆறிய என்ஜின் உண்மை பேசும். முதல் தடவை எழுப்பும்போதுதான் இழுத்து இழுத்து எழுகிறதா, தட்டும் சத்தம் வருகிறதா, புகை வருகிறதா என்று தெரியும். சூடான என்ஜினில் சில குறைகள் மறைந்துவிடும். எனவே பார்க்க வருவதற்கு முன் காரை எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். எழுப்பியிருந்தால் ஆறும் வரை காத்திருக்க வேண்டும்.

அவர்கள் டீ குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வந்தார்கள்.

புகை சொல்லும் செய்தி

ஆறிய பிறகு என்ஜினை எழுப்பினார்கள். மனைவி பின்னால் நின்று புகைக்குழாயைப் பார்த்தார். வெள்ளைப் புகை வந்தது. பத்து நிமிடம் ஆகியும் நிற்கவில்லை. லேசான இனிப்பு வாசனையும் இருந்தது.

புகைக்கு மூன்று நிறம் உண்டு. மூன்றும் மூன்று செய்தி.

நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. உள்ளே தேய்மானம் இருக்கிறது என்று பொருள். செலவு அதிகம்.

கறுப்புப் புகை வந்தால் பெட்ரோல் அளவுக்கு மேல் எரிகிறது. சில சமயம் சின்னப் பழுதாக இருக்கும். பார்த்துச் சரி செய்யலாம்.

வெள்ளைப் புகை குளிர்ந்த காலையில் சிறிது நேரம் வந்தால் அது வெறும் ஈர ஆவி. பயம் இல்லை. என்ஜின் சூடான பிறகும் விடாமல் வந்தால் குளிர்விக்கும் நீர் என்ஜினுக்குள் கசிந்து எரிகிறது என்று பொருளாகலாம். இது பெரிய பழுது.

மெக்கானிக் என்ஜினை நிறுத்தச் சொன்னார். பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். மூடியின் உட்புறத்தில் பால் கலந்த காபி போல ஒரு படிவு இருந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்தால் இப்படி ஆகும். புகையும் மூடியும் ஒரே செய்தியைச் சொல்லின.

ஒரு எச்சரிக்கை. ரேடியேட்டர் மூடியை என்ஜின் சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது. கொதிநீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும்.

காந்தமும் தரைவிரிப்பும்

மனைவி காந்தத்தைத் துணியில் சுற்றினார். கதவின் மேல் வைத்தார். ஒட்டியது. பின் சக்கரத்துக்கு மேலே வைத்தார். ஒட்டவில்லை. கீழே விழுந்தது.

காரின் உடல் இரும்புத் தகடு. காந்தம் ஒட்ட வேண்டும். ஒட்டாத இடத்தில் தகட்டுக்கு மேல் பட்டி தடவிப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அடிபட்ட இடமாகவோ துருப்பிடித்த இடமாகவோ இருக்கும். முன், பின் பம்பர்கள் பிளாஸ்டிக். அங்கே காந்தம் ஒட்டாது. அது குறையல்ல.

அடுத்து டார்ச் விளக்கை எடுத்தார். கால் மிதியைத் தூக்கிப் பார்த்தார். தரைவிரிப்பின் ஓரத்தையும் தூக்கிப் பார்த்தார். அடியில் காய்ந்த சேறு. இருக்கையைத் தாங்கும் இரும்பில் துரு. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பார்த்தார். உள்ளே இருந்த பகுதியில் கோடு போட்டதுபோல ஒரு கறை.

அந்தக் கார் வெள்ளத்தில் நின்ற கார்.

2005 ஜூலை 26 அன்று மும்பையில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம். 2022 செப்டம்பரில் பெங்களூரின் பல பகுதிகளில் வெள்ளம். 2023 ஜூலையில் தில்லியில் யமுனை பொங்கியது. ஒவ்வொரு வெள்ளத்திலும் கார்கள் நீரில் மூழ்குகின்றன. அவற்றில் சில கழுவித் துடைக்கப்பட்டு வேறு ஊருக்கு விற்பனைக்குப் போகின்றன. மின்சார வயர்களுக்குள் போன ஈரம் உடனே தெரியாது. மாதங்கள் கழித்து ஒவ்வொன்றாகக் கெடும். வாசனை பாட்டில் எதற்கு என்று இப்போது புரிகிறதா? ஈர நாற்றத்தை மறைக்க!

ஓடிய தூரம் உண்மையா?

மீட்டர் 38,000 கிலோமீட்டர் என்று காட்டியது. "ரொம்பக் கம்மியா ஓடின வண்டி" என்றார் தரகர்.

மெக்கானிக் மூன்று மிதிகளையும் காட்டினார். பிரேக், கிளட்ச் மிதிகளின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது. ஸ்டியரிங் வளையமும் தேய்ந்து மின்னியது. 38,000 கிலோமீட்டரில் இவ்வளவு தேய்மானம் வராது. மீட்டரை மாற்றி வைக்க முடியும். கால் பட்ட தேய்மானத்தை மாற்றுவது கடினம். சர்வீஸ் ரசீதுகள் இருந்தால் ஒவ்வொன்றிலும் தேதியும் தூரமும் இருக்கும். அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் உண்மை தெரியும். இந்தக் காருக்கு ஒரு ரசீதும் இல்லை.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர். பள்ளம் ஆழமாக இருந்தாலும் ரப்பர் பழசாகி வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரத்தின் நேர் கெட்டிருக்கிறது, அல்லது அடியில் ஏதோ தேய்ந்திருக்கிறது.

காகிதத்தைப் படியுங்கள்

"ஆர்.சி.யைக் கொடுங்க அண்ணா" என்று மனைவி கேட்டார். ஆர்.சி. என்பது காரின் பதிவுச் சான்று. நிலத்துக்குப் பட்டா போல.

தரகர் ஒரு நகலைக் கொடுத்தார். "எல்லாம் கரெக்டா இருக்கும்மா. நீ என்ன படிக்கப் போற?" என்று சிரித்தார்.

மனைவி பதில் சொல்லவில்லை. ஓர் ஓரமாக உட்கார்ந்தார். எழுத்து எழுத்தாகப் படித்தார். சேசிஸ் எண் 17 எழுத்தும் எண்ணும் கொண்டது. அதை நோட்டில் எழுதிக்கொண்டார். காரில் பொறித்திருந்த எண்ணை மெக்கானிக் டார்ச் அடித்துப் படித்தார். ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். சரியாக இருந்தது. என்ஜின் எண்ணும் சரியாக இருந்தது. இவற்றில் ஓர் எழுத்து மாறினாலும் அந்தக் காரை விட்டுவிட வேண்டும். திருட்டுக் காராகக்கூட இருக்கலாம்.

ஆர்.சி.யின் கீழே ஒரு வங்கியின் பெயர் இருந்தது. "இது எதுக்கு இங்க இருக்கு?" என்று கேட்டார்.

"பழைய லோன். எப்பவோ அடைச்சாச்சு" என்றார் தரகர்.

"அடைச்சதுக்கு வங்கிக் கடிதம் இருக்கா அண்ணா?"

இல்லை.

கார்க் கடன் வாங்கினால் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் ஏறும். கடனை அடைத்ததும் வங்கி கடிதம் தரும். அந்தக் கடிதத்தோடு படிவம் 35 கொடுத்துப் பெயரை நீக்க வேண்டும். நீக்காத காரை வாங்கினால் பெயர் மாற்றம் சிக்கலாகும். கடன் பாக்கி இருந்தால் வண்டியே கையைவிட்டுப் போகலாம்.

தில்லிப் பதிவு எண் பற்றியும் சொல்ல வேண்டும். தில்லியிலும் சுற்றுப் பகுதியிலும் காற்று மாசு அதிகம். 10 ஆண்டு கடந்த டீசல் வண்டியும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டியும் அங்கே ஓடக் கூடாது என்ற உத்தரவை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025இல் நீதிமன்றம் அதில் சில தளர்வுகளைச் செய்தது. இந்தத் தடைக்குப் பயந்து பலர் காரை வேறு மாநிலத்தவருக்கு மலிவாக விற்றார்கள். அவற்றில் நல்ல கார்களும் உண்டு. ஆனால் வேறு மாநிலக் காருக்குத் தடையில்லாச் சான்று வேண்டும். அதைப் படிவம் 28 மூலம் வாங்க வேண்டும். நம் மாநிலத்தில் சாலை வரியும் கட்ட வேண்டும். எவ்வளவு என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். விலை பேசும்போது யாரும் இதைச் சொல்வதில்லை.

விலை வேறு, செலவு வேறு

மனைவி நோட்டைத் திறந்தார். மெக்கானிக் சொல்லச் சொல்ல எழுதினார்.

காரின் விலை 85,000.
வரி, சான்று, கட்டணம் 15,000.
நான்கு டயர் 12,000.
என்ஜின் வேலை 20,000.
தகர வேலை 8,000.
மொத்தம் 1,40,000 ரூபாய்.

ஊருக்கு ஊர் இந்தத் தொகைகள் மாறும். கணக்கின் முறை மாறாது. 85,000 ரூபாய்க் கார் உண்மையில் 1,40,000 ரூபாய்க் கார். கையில் இருந்ததோ 1,10,000.

"வேணாம் அண்ணா. வர்றோம்" என்றார் மனைவி.

"விலையைக் குறைச்சுத் தரேம்மா!" என்றார் தரகர்.

"வண்டி போனா இன்னொரு வண்டி வரும். பணம் போனா வராது அண்ணா."

கணவருக்கு மனமே இல்லை. அந்தச் சிவப்பு நிறம் அவர் கண்ணைவிட்டுப் போகவில்லை. ரயிலில் பங்காருப்பேட்டை வரும் வரை பேசாமல் வந்தார். பிறகு நோட்டை வாங்கி இன்னொரு முறை கூட்டிப் பார்த்தார். அதே 1,40,000தான் வந்தது.

மங்கலான கார்

இரண்டு வாரம் கழித்துத் தங்கவயலிலேயே ஒரு கார் விற்பனைக்கு வந்தது. மாருதி 800. 2013ஆம் ஆண்டுக் கார். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருடையது. வெள்ளை நிறம் மங்கியிருந்தது. கதவில் கீறல்கள். விலை 75,000 ரூபாய்.

காலையில் போனார்கள். மூடியில் கை வைத்தார்கள். ஆறியிருந்தது. ஒரு சாவித் திருப்பில் எழுந்தது. புகை இல்லை. காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது. தரைவிரிப்பின் அடி காய்ந்திருந்தது. மீட்டர் 92,000 கிலோமீட்டர் காட்டியது. ஆசிரியர் எல்லா ரசீதுகளையும் ஒரு கோப்பில் வைத்திருந்தார்.

பிறகு ஓட்டிப் பார்த்தார்கள். ஓட்டும்போது நான்கு சோதனை.

ஒன்று, ஆளில்லாத நேரான சாலையில் மெதுவாகப் போய் ஸ்டியரிங் பிடியைச் சற்றே தளர்த்துவது. கார் ஒரு பக்கம் இழுக்கக் கூடாது.

இரண்டு, பின்னால் வண்டி வராதபோது பிரேக் அழுத்துவது. நேராக நிற்க வேண்டும்.

மூன்று, மேட்டில் ஏறுவது. என்ஜின் சத்தம் கூடிக் கார் வேகம் கூடாவிட்டால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது.

நான்கு, காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி மெதுவாக வட்டமடிப்பது. முன் சக்கரத்திலிருந்து "டக், டக்" என்று சத்தம் வந்தால் ஆக்சில் ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது.

கார் நான்கிலும் தேறியது. ஆனால் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. இரண்டு டயர் பழசு. பேட்டரி பலவீனம். டைமிங் பெல்ட் மாற்றியதற்கு ரசீது இல்லை. என்ஜினுக்குள் பாகங்களை ஒழுங்காக ஓட வைக்கும் பெல்ட் அது. அறுந்தால் கார் நடுவழியில் நின்றுவிடும். மாற்றியது தெரியாவிட்டால் மாற்றிவிடுவதே நல்லது. பெட்ரோல் போகும் ரப்பர் குழாய்களையும் மெக்கானிக் பார்த்தார். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். பழைய காரின் ரப்பர் வெடித்திருக்கிறதா, பெட்ரோல் வாசனை வருகிறதா என்று பார்ப்பது நல்லது.

குறைகளை மறைக்காமல் ஆசிரியரிடம் சொன்னார்கள். நோட்டைக் காட்டினார்கள். அவரும் நியாயத்தை ஏற்றார். விலை 66,000 ஆனது.

காரின் விலை 66,000.
இரண்டு டயர் 6,000.
பேட்டரி 4,000.
பெல்ட், ஆயில், பிரேக் வேலை 7,000.
பெயர் மாற்றம், காப்பீடு 5,000.
மொத்தம் 88,000 ரூபாய்.

மீதி 22,000 ரூபாய். அதை அவர்கள் தொடவில்லை. வங்கியில் போட்டார்கள்.

பெயர் மாற்றும் வரை வேலை முடியவில்லை

மகள் கைபேசியில் அரசின் பரிவாகன் தளத்தில் காரின் எண்ணைப் போட்டுப் பார்த்தாள். பதிவு 2028 வரை செல்லும். வங்கிக் கடன் இல்லை. கட்டாத அபராதமும் இல்லை.

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதற்குப் பிறகு காரைச் சோதித்து, தகுதி இருந்தால் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பார்கள். 2022 ஏப்ரல் முதல் அதற்கான மத்திய அரசுக் கட்டணம் 5,000 ரூபாய் ஆனது. வாங்கும்போதே இதையும் மனதில் வைக்க வேண்டும்.

பணத்தை வங்கி வழியாகக் கொடுத்தார்கள். விற்றதற்கு எழுத்தில் ரசீது வாங்கினார்கள். நாள் மட்டுமல்ல, நேரமும் எழுதினார்கள். பிறகு ஆசிரியரையும் அழைத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகம் போனார்கள். படிவம் 29இலும் 30இலும் கையெழுத்திட்டார்கள். ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டையும் 14 நாளுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

இது வாங்குபவருக்கு மட்டும் அல்ல, விற்பவருக்கும் முக்கியம். 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஒருவர் தம் வண்டியை விற்றுவிட்டார். அது பல கை மாறியது. ஆனால் ஆர்.சி.யில் அவர் பெயரே இருந்தது. வண்டி விபத்தில் சிக்கியது. நட்ட ஈட்டுக்குப் பதிவில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று நீதிமன்றம் சொன்னது. விற்றுவிட்டேன் என்று வாயால் சொல்வது போதாது. பெயர் மாற வேண்டும்.

அந்த இரவு

மழைக்காலத்தில் ஓர் இரவு இரண்டு மணி. பெரியவருக்கு மூச்சுத் திணறியது. கணவர் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பில் என்ஜின் எழுந்தது. மங்கலான அந்த வெள்ளைக் கார் பத்து நிமிடத்தில் மருத்துவமனை வாசலில் நின்றது. பெரியவருக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். விடிவதற்குள் தெளிந்துவிட்டார்.

எட்டு மாதம் கழித்துக் கிளட்ச் தேய்ந்தது. 6,000 ரூபாய் செலவு. வட்டிக்கு வாங்கவில்லை. வங்கியில் இருந்த 22,000 ரூபாயிலிருந்து எடுத்தார்கள். பழைய கார் என்றால் ஏதாவது தேயத்தான் செய்யும். அதற்குப் பணம் எடுத்து வைத்தவருக்குக் கார் உதவி. எல்லாப் பணத்தையும் காரிலேயே போட்டவருக்கு அதே கார் பாரம்.

மறக்காமல் இருக்க

தேவையை வீட்டிலேயே கணக்குப் போடுங்கள்.
ஆறிய என்ஜினைப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.
புகையையும் தரைவிரிப்பின் அடியையும் பாருங்கள்.
தெரிந்த மெக்கானிக்கைக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள்.
ஆர்.சி.யை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். புரியாததைக் கேளுங்கள்.
விலையோடு செலவையும் கூட்டுங்கள். கொஞ்சம் பணம் மீதி வையுங்கள்.
அவசரப்படுத்துபவரிடம் வாங்காதீர்கள்.
பெயர் மாறும் வரை அலையத் தயங்காதீர்கள்.

"நீ என்ன படிக்கப் போற?" என்று ஒருவர் சிரித்தார் அல்லவா? அந்தப் படிப்புதான் ஒரு குடும்பத்தின் பல வருடச் சேமிப்பைக் காப்பாற்றியது. எழுத்தும் கணக்கும் வகுப்பறையோடு முடிவதில்லை. சந்தையிலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் அவைதான் துணை.